டென்ஷன் ஹார்மோனை வெள்ளை அணுவும் செய்யுமா? வியாசர்பாடி ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன். வாரநாளில் தண்டையார்பேட்டையில் ஊசியும் ஸ்லைடும். ஞாயிறு காலையில் வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் வகுப்பு. கொஞ்ச நாளாக இரண்டு இடத்திலும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ரத்தம் கொடுக்க வருபவர்கள், "டென்ஷன் ஆனா ஏம்மா உடம்புக்கு முடியாம போவுது?" என்கிறார்கள். பிள்ளைகள், "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அட்ரீனல்ல மட்டும்தான் வருமா மிஸ்?" என்கிறார்கள். வாயால் சொன்ன பதில் அடுத்த வாரம் உருமாறித் திரும்பி வருகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்றால் எவை?

முக்கியமாக மூன்று. அட்ரினலின், நார் அட்ரினலின், கார்டிசால். சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் உள்பகுதி முதல் இரண்டையும், வெளிப்பகுதி கார்டிசாலையும் தருகின்றன. நார் அட்ரினலின் நரம்பு முனைகளிலிருந்தும் வருகிறது. கார்டிசாலுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும், அதைப் பார்த்து அட்ரீனல் கார்டிசால் சுரக்கும். கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மூளையே நிறுத்தச் சொல்லிவிடும். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. நம் விஷயம் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

நோய் எதிர்ப்பு செல்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் தெரிபவர்கள்தான். துண்டு துண்டான கருவோடு இருப்பவை நியூட்ரோபில்கள். ஆரஞ்சு மணிகள் நிறைந்தவை இயோசினோபில்கள். பெரிய வட்டக் கருவோடு, ஓரத்தில் கொஞ்சம் நீலம் தெரிபவை லிம்போசைட்டுகள். டி செல், பி செல் எல்லாம் இதற்குள் அடக்கம். மோனோசைட் திசுவுக்குள் இறங்கியதும் மேக்ரோபேஜ் ஆகிறது. கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குவது அதன் வேலை.

இவை நிஜமாகவே ஹார்மோன் செய்கின்றனவா? எப்போது தெரிந்தது?

செய்கின்றன. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு நேர் பாதையில் வரவில்லை. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிரிலும் காயத்திலும் மருந்திலும் வருத்திப் பார்த்தார். எதனால் வருத்தினாலும் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தன. அட்ரீனல் வீங்கியது, வயிற்றில் புண் வந்தது, தைமஸ் சுருங்கியது. தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால் டி செல்கள் பக்குவப்படும் உறுப்பு. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உத்தரவு ஒரு பக்கமிருந்துதான் வருகிறது, சுரப்பி சொல்கிறது, செல்கள் கேட்டுக்கொள்கின்றன என்றே பல வருடம் நம்பினார்கள்.

1980, 81 வாக்கில் எட்வின் பிளாலாக், எரிக் ஸ்மித் என்ற இருவர், வைரஸ் தொற்றிய மனித லிம்போசைட்டுகள் ஏ.சி.டி.எச். போன்ற ஒரு பொருளை வெளியிடுவதாக எழுதினார்கள். பிட்யூட்டரியின் ஹார்மோனை வெள்ளை அணு செய்கிறது! அடுத்த வருடமே, பிட்யூட்டரி அகற்றப்பட்ட எலிகளிலும் வைரஸ் கொடுத்தால் கார்டிசால் வகை ஹார்மோன் ஏறுகிறது என்றார்கள். பெரிய சண்டை கிளம்பியது. திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. வெள்ளை அணுக்கள் கொஞ்சம் ஏ.சி.டி.எச். செய்யலாம், ஆனால் அட்ரீனலையே இயக்கும் அளவுக்கு அது வராது என்பதுதான் இன்றைக்குப் பலரும் ஏற்கும் நிலை. என்னைக் கேட்டால், அவர்கள் சொன்னதில் பாதி நிற்காமல் போனாலும் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதற்கு முன்பு அந்தத் திசையில் அவ்வளவு துணிச்சலாக யாரும் கேட்கவில்லை.

1994இல் லிம்போசைட்டுகளுக்குள்ளேயே டோபமின், நார் அட்ரினலின் இருப்பதை அளந்து காட்டினார்கள். 2007இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைத் தொட்ட நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும் தாங்களே அட்ரினலின் வகை ஹார்மோன்களை வெளியிட்டன. அந்தச் சமிக்ஞையை ஒரு மருந்தால் தடுத்தபோது எலிகளின் நுரையீரல் அழற்சி (சிவந்து வீங்கும் எதிர்வினை) குறைந்தது. அதாவது அந்த ஹார்மோன் அங்கே உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தது.

எப்படிச் செய்கின்றன? ஒரு சிறு செல்லுக்குள் அதற்கு வசதி உண்டா?

உண்டு. அட்ரினலின் வகைக்கு மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். டைரோசின் டோபா ஆகி, டோபா டோபமின் ஆகி, அது நார் அட்ரினலின் ஆகி, கடைசியில் அட்ரினலின். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. முதல் படியின் நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் இந்த வெள்ளை அணுக்களிலும் இருக்கிறது.

(மீனில் டைரோசின் இருக்கிறதே, வஞ்சிரம் நிறையச் சாப்பிட்டால் அட்ரினலின் ஏறுமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஏறாது. மூலப்பொருளுக்கு உடலில் பஞ்சம் இல்லை, நொதிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.)

கார்டிசால் வகைக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு நொதி கொலஸ்ட்ராலின் வாலை வெட்டி பிரெக்னெனலோன் ஆக்குகிறது. கார்டிசால் உட்பட எல்லா ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கும் அதுதான் தாய். 2014இல், புழுத் தொற்று வந்த எலிகளில் ஒரு வகை உதவி டி செல்கள் இந்த பிரெக்னெனலோனைத் தாங்களே செய்து பக்கத்து செல்களின் பெருக்கத்தை அடக்குவதைக் கண்டார்கள். தைமஸின் உறை செல்களும் குடலின் உட்சுவர் செல்களும்கூட கார்டிசால் வகை ஹார்மோனைச் செய்கின்றன. இவை வெள்ளை அணுக்கள் அல்ல, வெள்ளை அணுக்கள் குடியிருக்கும் வீட்டின் சுவர்கள். சுவரும் பேசுகிறது.

அவ்வளவு பெரிய சுரப்பி இருக்கும்போது இவை எதற்குத் தனியாகச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் தண்ணீர். புழல் ஏரியில் மதகைத் திறந்தால் குழாய் வழியாக ஊருக்கே தண்ணீர் வருகிறது. கொருக்குப்பேட்டைக்கும் வரும், பெரம்பூருக்கும் வரும். அட்ரீனல் கார்டிசால் அப்படித்தான். ரத்தத்தில் விட்டால் தலை முதல் கால் வரை எல்லா செல்லுக்கும் போகும். தெருமுனை அடிபம்பு வேறு. அந்தச் சந்துக்கு மட்டும், தேவைப்படுகிற நேரத்துக்கு மட்டும். குடலில் ஒரு விரற்கடை இடத்தில் அழற்சி மூண்டால், அதை அடக்க உடம்பு முழுவதும் கார்டிசாலை ஏற்றுவது வீண், ஆபத்தும்கூட. அங்கேயே கொஞ்சம் செய்து, அங்கேயே செலவழித்தால் எலும்புக்கும் சர்க்கரைக்கும் ஒன்றும் ஆகாது. ரத்தத்தில் அளந்தால் இந்த உள்ளூர் அளவு தெரியாது. என் கூடத்து மெஷின் புழல் தண்ணீரைத்தான் அளக்கிறது, அடிபம்பை அளப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இது. ரத்தத்தில் கார்டிசாலோடு கார்ட்டிசோன் என்ற ஒன்றும் ஓடுகிறது. அது மூடி போட்ட குடம், அப்படியே இருந்தால் வேலை செய்யாது. மேக்ரோபேஜ் போன்ற செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி அந்த மூடியைத் திறந்து கார்ட்டிசோனைக் கார்டிசால் ஆக்குகிறது. சிறுநீரகத்தில் இருக்கும் இன்னொரு நொதி நேர் எதிராக மூடியைப் போடுகிறது. ஆக, ஒரு செல் ஹார்மோனை முதலிலிருந்து செய்யாவிட்டாலும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்ய முடிகிறது.

நாட்டு மருந்துக் கடை அதிமதுரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, இப்போது சொன்ன சிறுநீரக நொதிதான் தொடர்பு. அதிமதுரத்தில் இருக்கும் கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. மூடி போடப்படாத கார்டிசால் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கிறது. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தொண்டை கட்டியதற்கு ஒரு துண்டு மெல்வதில் பயமில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் வாரக்கணக்கில் கஷாயம் வைத்துக் குடித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூலிகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கார்டிசால் ஒரு வெள்ளை அணுவுக்குள் போய் என்ன செய்கிறது?

சுவரைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்ந்து கருவுக்குள் நுழைகிறது. அங்கே என்.எஃப். கப்பா பி என்ற பெரிய சுவிட்சை அடக்குகிறது. அழற்சிப் பொருள்களைச் செய்யச் சொல்லும் சுவிட்ச் அது. கூடவே அனெக்சின் போன்ற, அழற்சியைத் தணிக்கும் புரதங்களை எழுதச் சொல்கிறது.

ஸ்லைடில் தெரிவது வேறொரு காட்சி. ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோபில்கள் பிடியை விட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். எண்ணிக்கை ஏறும். லிம்போசைட்டுகள் ரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜை பக்கம் ஒதுங்கும். இயோசினோபில்கள் காணாமல் போகும். ஸ்லைடு முழுக்கத் தேடி ஒரு இயோசினோபில்கூட இல்லையென்றால், "ஸ்டீராய்டு ஊசி போட்டீங்களாம்மா?" என்று நான் கேட்பேன். பெரும்பாலும் "ஆமாம், நேத்து மூச்சிரைப்புக்குப் போட்டாங்க" என்பார்கள். 1948இல் ஜார்ஜ் தார்ன் என்ற மருத்துவர் இதையே ஒரு சோதனையாக்கினார். ஏ.சி.டி.எச். கொடுத்துவிட்டு இயோசினோபில் விழுகிறதா என்று எண்ணுவது. விழாவிட்டால் அட்ரீனல் வேலை செய்யவில்லை என்று பொருள். ஹார்மோனை அளக்கும் மெஷின்கள் வராத காலத்தில், வெள்ளை அணுவைப் பார்த்துச் சுரப்பியின் நலத்தை அறிந்தார்கள். இதைப் படித்த அன்று என் வேலையின் மேல் எனக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு விஷயம். ஸ்டீராய்டு எடுத்த மறுநாள் டெஸ்ட்டில் வெள்ளை அணு 14,000, 15,000 என்று வந்தால் உடனே "உள்ளே சீழ் இருக்கு" என்று பயப்படாதீர்கள். மருந்தே அதைச் செய்யும். எடுத்ததை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பாக்சிங் பயிற்சி முடித்துவிட்டு ரத்தம் கொடுத்தால் கவுன்ட் மாறுமா, அக்கா?

மாறும். நம் பக்கத்தில் பாக்சிங்கும் ஃபுட்பாலும் ஆடும் பிள்ளைகள் அதிகம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கடுமையாக ஆடும்போது ஏறும் அட்ரினலின், வெள்ளை அணுக்களின் மேலிருக்கும் பீட்டா 2 ஏற்பியைத் தட்டுகிறது. சில நிமிடங்களிலேயே மண்ணீரலிலிருந்தும் குழாய்ச் சுவரிலிருந்தும் செல்கள் இறங்கி ரத்தத்துக்கு வருகின்றன. அதிகம் வருபவை இயற்கைக் கொல்லி செல்கள், வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும் ஒரு வகை லிம்போசைட். ஆட்டம் நின்று ஒன்றிரண்டு மணி நேரத்தில் லிம்போசைட் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் கீழே போகும், அப்புறம் சரியாகிவிடும். அதனால் பயிற்சிக்கு முன்பே வந்து கொடுத்துவிடுங்கள்.

மூச்சிரைப்புக்கு இழுக்கும் சால்பியூட்டமால் தட்டுவதும் இதே பீட்டா 2 ஏற்பியைத்தான். மூச்சுக்குழாய் விரிவது அதனால்தான், கை நடுங்குவதும் அதனால்தான். பீட்டா ஏற்பி வழியாக வரும் செய்தி பொதுவாக அழற்சியைத் தணிக்கும். ஆல்ஃபா ஏற்பி வழியாக வந்தால் தூண்டிவிடும். ஒரே ஹார்மோன், எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்து வேறு வேலை.

நோய் எதிர்ப்பு செல்கள் மூளைக்கும் சொல்லுமா?

சொல்லும். மேக்ரோபேஜ்கள் கிருமியைக் கண்டதும் இன்டர்லூக்கின்-1 என்ற பொருளை விடுகின்றன. காய்ச்சலுக்கு அது ஒரு காரணம். அர்ஜென்டினாவில் பிறந்த ஹூகோ பெசெடோவ்ஸ்கியும் அவர் குழுவும் 1986இல், இந்த இன்டர்லூக்கின்-1 மூளை வழியாகப் போய் கார்டிசால் வகை ஹார்மோனை ஏற்றுவதைக் காட்டினார்கள். ஏறிய ஹார்மோன் திரும்பி வந்து அதே மேக்ரோபேஜை அடக்குகிறது. போர் தொடங்கும்போதே அதை நிறுத்தும் ஏற்பாடும் தொடங்கிவிடுகிறது. காய்ச்சலில் பசியும் பேச்சும் அற்று, போர்வையை இழுத்துக்கொண்டு சுருண்டு படுக்கிறோமே, அதுவும் வெள்ளை அணுக்கள் மூளைக்கு அனுப்பிய செய்தியின் விளைவு.

நரம்பு வழியும் ஒன்று உண்டு. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் மண்ணீரலில் அழற்சி குறைவதை அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு கண்டிருந்தது. இடையில் ஒரு கண்ணி புரியாமல் இருந்தது. 2011இல் அது கிடைத்தது. மண்ணீரலில் நரம்பு நார் அட்ரினலினை விடுகிறது. அதைக் கேட்ட ஒரு வகை டி செல், அசெட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் செய்து வெளியே விடுகிறது. அதைக் கேட்ட மேக்ரோபேஜ் தன் அழற்சிப் பொருளைக் குறைத்துக்கொள்கிறது. நரம்பு செல்லின் வேலை என்று நாம் நினைத்திருந்ததை ஒரு டி செல் செய்கிறது. வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டியபோது ஒரு பெண் பிள்ளை, "அப்ப அது ரத்தமா நரம்பா மிஸ்?" என்று கேட்டாள். என்னிடம் ஒரு வார்த்தையில் பதில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை.

கவலைப்பட்டால் உண்மையிலேயே உடம்பு கெடுமா?

சில மணி நேர டென்ஷன் கெடுக்காது. தேர்வு, சண்டை, பயம், இதற்கெல்லாம் உடம்பு தயாராகத்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் நீளும் சுமைதான் கெடுக்கிறது.

1991இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், நலமாக இருந்த 394 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். வாழ்க்கைச் சுமை அதிகம் என்று சொன்னவர்களுக்கே சளி அதிகம் பிடித்தது. 1995இல் அமெரிக்காவில், மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தி ஆறுகிறதா என்று பார்த்தார்கள். சராசரியாக 48.7 நாள் ஆனது. அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கு 39.3 நாள். அரிசி மணி அளவு காயத்துக்கு 9 நாள் அதிகம். படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ கணவரையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர்! அவர்களின் கால் புண் ஆற நாளானால் "ஒழுங்கா மருந்து போடலை" என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்டிசால் அழற்சியை அடக்குமே, அப்புறம் ஏன் நீண்ட நாள் டென்ஷனில் அழற்சி கூடுகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஓயாமல் கார்டிசாலைக் கேட்டுக்கேட்டு வெள்ளை அணுக்களின் காது மந்தமாகிவிடுகிறது. ஏற்பிகள் பழையபடி பதில் சொல்வதில்லை. ரத்தத்தில் ஹார்மோன் இருக்கும், அடக்கும் வேலை நடக்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள்ளும் கழிமுகத்திலும் புகுந்தது. படகும் வலையும் கறுத்துப்போய், தொழிலுக்குப் போக முடியாமல் இருந்தவர்களிடம் "டென்ஷன் ஆவாதீங்க" என்று சொல்வதை நான் மருத்துவ ஆலோசனையாக ஏற்கவில்லை. சுமையைக் குறைக்கும் பொறுப்பைச் சுமப்பவர் தலையிலேயே வைக்கிறோம். அதைச் சொல்லாமல் ஹார்மோனைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை இந்த ஹார்மோன்தானா? சதை போட மாத்திரை சாப்பிடலாமா?

அதே குடும்பம்தான், பல மடங்கு வீரியம். நம் உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால் சுமார் 10 மில்லிகிராம். டெக்சாமெத்தசோன் 0.5 மில்லிகிராம் மாத்திரை, அந்தக் கடுகு போன்ற ஒன்றே ஒன்று, கிட்டத்தட்ட அந்த முழு நாள் அளவுக்குச் சமம்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு அக்கா, மகள் மெலிந்திருக்கிறாள், வரன் தட்டிப்போகிறது என்று ஒரு கடையில் கேட்டு "சதை போடுற மாத்திரை" வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஏழு மாதம். முகம் நிலா மாதிரி வட்டமானது, எல்லாரும் நல்லா இருக்கா என்றார்கள். நிச்சயம் முடிந்ததும் மாத்திரையை நிறுத்தினார்கள். நாலாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. நல்ல வேளையாக, ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே "என்ன மாத்திரை சாப்பிட்டாய்?" என்று கேட்டார். ஊசி போட்டதும் பிழைத்தாள். வெளியிலிருந்து ஏழு மாதம் ஹார்மோன் வந்ததால் மூளை உத்தரவு போடுவதை நிறுத்தியிருந்தது, அட்ரீனல் சுருங்கித் தூங்கிப்போயிருந்தது. திடீரென்று நிறுத்தினால் உள்ளே ஒன்றுமே இல்லை.

ஆகவே, மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ஸ்டீராய்டையே பார்த்துப் பயந்து ஓடவும் கூடாது. 1948இல் மூட்டுவாதத்தால் நடக்க முடியாத ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள், சில நாளில் நடந்தார். 1950இல் அதற்கு நோபல் பரிசு. 2020 ஜூனில் இங்கிலாந்தின் பெரிய ஆய்வு, செயற்கை சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தபோது இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பயன்படவில்லை. அவர்களின் செல்கள் அப்போது கிருமியோடு போராடிக்கொண்டிருந்தன, அடக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. அடுத்த வருடம், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அளவுமீறி ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் கருப்புப் பூஞ்சை வந்ததை நாம் மறக்கக் கூடாது.

படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் பூசும் பல டியூப்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு உடனே நிற்கும், பூஞ்சை உள்ளே பரவும். டியூபைத் திருப்பி, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டி.பி. வந்தவர்களுக்கு இதில் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. ஓட்டேரி நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போய்வருபவர்கள் நம்மிடையே இருப்பதால் விவரமாகவே சொல்கிறேன். 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் என்ற மருத்துவர், தோல் கறுத்து, இளைத்து, சோர்ந்து இறந்தவர்களின் அட்ரீனல் சுரப்பிகள் கெட்டிருந்ததை விவரித்தார். பலருக்குக் காரணம் காசநோய். டி.பி. கிருமி ரத்தம் வழியாக அட்ரீனலில் போய்த் தங்க முடியும். இந்தியாவில் இன்றும் அட்ரீனல் செயலிழப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுப்பது, உப்பு மேல் தீராத ஆசை, எழுந்தால் கிறுகிறுப்பு, காரணமில்லாத வாந்தி, இவை சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் "அட்ரீனலைப் பார்க்கணுமா?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு ஸ்டீராய்டை வேகமாக உடைக்கிறது. ஏற்கெனவே ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையில் வாழ்பவர்களுக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டி வரும். இரண்டு மருந்துச் சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். டி.பி. மாத்திரையை மட்டும் எக்காரணத்துக்கும் தானாக நிறுத்தாதீர்கள்.

புற்றுநோயிலும் இது நடக்கிறதா?

நடக்கிறது, ஆனால் இங்கே அது நமக்கு எதிராகத் திரும்புகிறது. 2020இல் வந்த எலி ஆய்வுகள், கட்டிக்குள் புகுந்த டி செல்களும் மேக்ரோபேஜ்களும் அங்கேயே ஸ்டீராய்டு செய்வதைக் காட்டின. அது கட்டியைத் தாக்க வேண்டிய டி செல்களைச் சோர்வடையச் செய்கிறது. டி செல்லில், கொலஸ்ட்ராலின் வாலை வெட்டும் அந்த நொதியை நீக்கியபோது கட்டி மெதுவாக வளர்ந்தது. சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

எல்லாமே உறுதியான விஷயங்களா?

இல்லை. 2011இல் ஒரு குழு, குளிரில் கொழுப்புத் திசுவின் மேக்ரோபேஜ்கள் நார் அட்ரினலின் செய்து உடம்பைச் சூடாக்குகின்றன என்று பெரிய இதழில் எழுதியது. நானும் வகுப்பில் ஆர்வத்தோடு சொன்னேன். 2017இல் வேறு பல கூடங்கள் சேர்ந்து சோதித்து, அந்த மேக்ரோபேஜ்கள் அந்த அளவுக்கு ஹார்மோன் செய்வதில்லை என்று காட்டின. அடுத்த ஞாயிறு அதே பிள்ளைகளிடம் திருத்திச் சொன்னேன். எந்த செல், எவ்வளவு, எந்தச் சமயத்தில் என்பதெல்லாம் இன்னும் அளந்துகொண்டிருக்கிற விஷயம்.

கார்டிசால் டெஸ்ட் எப்போது கொடுக்க வேண்டும்?

டாக்டர் எழுதினால் மட்டும். டென்ஷனை அளக்கும் டெஸ்ட் என்று நினைத்துத் தாமாகக் கொடுக்க வருகிறார்கள், அதற்கு இது உதவாது. கார்டிசால் விடியலில் உச்சத்தில் இருக்கும், நடு இரவில் அடிமட்டத்துக்குப் போகும். அதனால் காலை 8 மணி வாக்கில் எடுக்கிறோம். ஆனால் காசிமேட்டில் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய் நிற்பவருக்கும், துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராக வருபவருக்கும் உடம்பின் காலை 8 மணி வேறு. அப்படிப்பட்டவர்கள் எப்போது தூங்கி எப்போது எழுந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் மெஷின் அதையும் கார்டிசால் என்று எண்ணிவிடலாம். கருத்தடை மாத்திரை ரத்தத்தில் மொத்தக் கார்டிசாலை ஏற்றிக் காட்டும். இன்ஹேலர், தோல் கிரீம், மூட்டில் போட்ட ஊசி எல்லாமே கணக்கில் வரும். ரத்தம் எடுப்பவர் அவசரத்தில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். படிவத்தில் இடம் இல்லையென்றால் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் எழுதுகிறேன்.